பாத்துக் குடுங்க!

(தலைப்பு: கைவினைக் கலைஞரை வாழ வைப்பது தனித்தன்மையா? தன்னம்பிக்கையா? - ‘தன்னம்பிக்கையே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து இப்போதைக்குச் சிரித்துக்கொண்டிருக்கிற நண்பர்களே! அரங்கம் நிறைய வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! அடுப்பைச் ‘சிம்’மில் வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிற சகோதரிகளே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிவிட்டுப் போன எதிரணிப் பேராசிரியர் அய்யா ஒரு போடு போட்டார். “அடுத்தவன் செய்யாததைச் செய், அப்போதுதான் உன் சரக்கு விற்கும்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். கேட்பதற்கு நன்றாகத்தானே இருந்தது!

அய்யா, நான் ஒன்று கேட்கிறேன். நம் வீட்டுப் பெண் ஒருத்தி தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொள்ளப் போகிறாள். முதல் படம் என்ன போடுவாள்? வெண்ணெய்க் கிருஷ்ணன். இரண்டாவது? ஆலிலைக் கிருஷ்ணன். மூன்றாவது? கஜலட்சுமி. நாலாவது படத்துக்கு வருவதற்குள் அவள் வீட்டுக்காரர், “எல்லாரும் இதையேதான் போடுறாங்க, நீ என்ன புதுசா போடப்போறே? பேசாம தோசையை ஊத்து” என்று சொல்லிவிடுவார். (பலத்த சிரிப்பு, கைதட்டல்) எங்கள் எதிரணி பெரிய மேடையில் நின்று, நல்ல தமிழில், அடுக்குமொழியில் சொல்வதை அந்த வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்று சுருக்கமாகச் சொல்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்!

மராட்டிய மன்னர்கள் காலந்தொட்டு அந்தக் கிருஷ்ணன் தஞ்சாவூரில் வெண்ணெய் தின்றுகொண்டுதான் இருக்கிறான். பலகை ஒன்றுதான். அதன் மேல் ஒட்டுகிற துணி ஒன்றுதான். சுண்ணத்தூளையும் கோந்தையும் குழைத்து மேடு கட்டுகிற வேலை ஒன்றுதான். கல் பதித்து, 22 காரட் தங்க ரேக்கை அந்த மேட்டின் மேல் ஒட்டி, ஓரம் நசுங்காமல் அழுத்துகிறார்களே, அந்த முறையும் ஒன்றுதான். ஆனால், ஒரே குருவிடம் படித்த இரண்டு பேர் போட்ட இரண்டு கிருஷ்ணனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கிருஷ்ணன் உங்களைப் பார்க்கிறான். இன்னொரு கிருஷ்ணன் வெண்ணெயைப் பார்க்கிறான். (சிரிப்பு) ஒருத்தர் கன்னத்தில் கொடுக்கிற நிழலை இன்னொருத்தரால் கொடுக்க முடியாது. அந்தத் தனித்தன்மையை யாரும் தேடிக்கொண்டு போகவில்லை. கை இருந்தால் அதுவும் கூடவே இருக்கும். இல்லாதது எது தெரியுமா அய்யா? ‘இது என் கை செய்தது, இதற்கு இன்ன விலை’ என்று தலைநிமிர்ந்து சொல்கிற தைரியம்!

சுவாமிமலைக்குப் போங்கள். கும்பகோணத்திலிருந்து கூப்பிடு தூரம். அங்கே ஸ்தபதி நடராசர் வார்க்கிறார். தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு எடுக்கிறார். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, முழங்கால் இவ்வளவு என்று சாத்திரம் அளந்து கொடுத்துவிட்டது. அவர் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது, குறைக்க முடியாது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகிலே சிலை செய்கிறார். அதன் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைக்கிறார். சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றுகிறார். ஆறிய பிறகு என்ன செய்ய வேண்டும்? மண் அச்சை உடைக்க வேண்டும். உடைத்தால்தான் சாமி வெளியே வருவார்!

அச்சு போச்சு. மெழுகும் போச்சு. அடுத்த நடராசருக்கு மறுபடி முதலிலிருந்து மெழுகைப் பிசைய வேண்டும். ஆக, அளவு பரம்பரையினுடையது, அச்சு ஒரே ஒரு தடவைக்கு. எதிரணி நண்பர்களே, இதில் நீங்கள் சொல்கிற ‘அடுத்தவன் செய்யாதது’ எங்கே இருக்கிறது? ‘பழைய அளவுதான், ஆனால் இந்தச் சிலை உலகத்தில் ஒன்றே ஒன்று’ என்று அந்த ஸ்தபதிக்குத் தெரியும். தெரிவதால்தான் வாங்க வந்தவரிடம், “ஆறு மாசம் ஆகும், இருந்து வாங்கிட்டுப் போங்க” என்று அவரால் சொல்ல முடிகிறது. (கைதட்டல்)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இது சிரிக்கிற விஷயமில்லை.

எங்கள் பகுதியில் ஒரு அம்மா. பெயர் வேண்டாம். கணவர் தவறிய பிறகு, கற்றுவைத்திருந்த தஞ்சாவூர் ஓவியத்தை நம்பித்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அவர் படத்தை எடுத்துக்கொண்டு போனால் வாங்குகிறவர் கேட்பார், “எவ்வளவும்மா?” இவர் சொல்வார், “நீங்களே பாத்துக் குடுங்க.”

பாத்துக் குடுங்க! நடுவர் அவர்களே, நம் கலைஞர்களை ஏழையாகவே வைத்திருக்கிற இரண்டு வார்த்தை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வாங்க வந்தவன் எதைப் பார்ப்பான்? அவன் பர்ஸைத்தான் பார்ப்பான்! (சிரிப்பு, கைதட்டல்)

அவரோடு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டடிப் படம். பலகை, துணி, தங்க ரேக்கு, கல், வர்ணம், கண்ணாடிச் சட்டம் எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய். வேலை பன்னிரண்டு நாள். அவர் வாங்கி வந்த தொகை 6,000. 3,500-ஐக் கழித்தால் மீதி 2,500. பன்னிரண்டால் வகுத்தால் ஒரு நாளைக்கு 208 ரூபாய். கட்டட வேலைக்கு வருகிற சித்தாளை இந்தக் கூலிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள், நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அவர் செய்வதுதான் சரி!

அதே படத்தை, நகரத்தில் ஒரு கடையில், விளக்கு வெளிச்சம் பாய்ச்சி 18,000 ரூபாய் என்று எழுதி வைத்திருந்ததை அந்த அம்மாவின் மகளே பார்த்துவிட்டு வந்து சொன்னாள். எதிரணியைக் கேட்கிறேன். கடைக்காரர் அந்தப் படத்தில் என்ன தனித்தன்மையைக் கூட்டினார்? கிருஷ்ணனுக்குக் கூடுதலாக ஒரு வெண்ணெய் உருண்டை கொடுத்தாரா? அதே கிருஷ்ணன், அதே வெண்ணெய், அதே கல். அவர் கூட்டியது ஒன்றே ஒன்று. விலையைக் கூச்சப்படாமல் எழுதி வைத்தார். (நீண்ட கைதட்டல்) கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம் எல்லாம் இருக்கிறது. ஆனால் அவருக்கு அந்தப் படத்தின் மேல் இருந்த நம்பிக்கை, அதைப் போட்டவருக்கு இல்லாமல் போனதே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்!

நாம் நகைக்கடைக்குப் போகிறோம். நடுவருக்கும் அனுபவம் இருக்கும், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. (சிரிப்பு) தங்கத்துக்கு ஒரு விலை. அதற்கு மேலே செய்கூலி. அதற்கும் மேலே சேதாரம். டிசைனைப் பொறுத்து நூற்றுக்கு எட்டு, பன்னிரண்டு, பதினெட்டு என்று போடுவார்கள். ஏறக்குறைய வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டு, அவர்கள் கொடுக்கிற கூல்டிரிங்க்ஸைக் குடித்துவிட்டு, ஒரு துணிப்பையையும் பெரிய மரியாதையாக வாங்கிக்கொண்டு வருகிறோம். செய்கூலி என்ற வார்த்தை தமிழனுக்குத் தெரியாத வார்த்தையா? தெரியும்! தங்கத்துக்குக் கொடுப்போம். களிமண்ணுக்குக் கொடுக்க மாட்டோம். “என்னம்மா இது, வெறும் மண்ணு, இதுக்கு 400 ரூபாயா?” என்று கேட்போம்.

வெறும் மண்ணுதான். நவராத்திரிக்கு நாம் கொலு வைக்கிறோமே, அந்தப் பொம்மைகள் மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியிலும், பண்ருட்டியிலும், காஞ்சிபுரத்திலும் வருடம் பூராவும் குடும்பம் குடும்பமாகச் செய்யப்படுகின்றன. பாட்டி மண் பிசைய, அப்பா அச்சில் இட, மருமகள் கண் எழுத, அப்படித்தான் ஒரு தசாவதார செட்டு உருவாகிறது. மழை வந்துவிட்டால் காயாது. காய்ந்தால் வெடிக்கும். வெடித்ததை ஒட்ட வேண்டும். அவ்வளவும் தாண்டி நம் வீட்டுப் படிக்கு வந்த பொம்மையைப் பார்த்து ‘வெறும் மண்ணு’ என்கிறோம். நாம் கேட்பதைவிடக் கொடுமை, செய்தவரும் அதற்குத் தலையாட்டுகிறார். தஞ்சாவூர்ப் பொம்மை தலையாட்டலாம். அதைச் செய்தவர் ஆட்டக் கூடாது! (பலத்த கைதட்டல்)

எதிரணியில் ஒரு சகோதரி சோழமண்டலத்தைச் சொன்னார். நல்ல வேளை, அவரே சொன்னார். 1966-இல், சென்னை அரசு கலைப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தன் மாணவர்களையும் சக கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் கலைஞர்களுக்கென்றே ஒரு கிராமம் உண்டாக்கினார். அங்கே பிறந்த ஓவியங்களின் தனித்தன்மையைப் பற்றிச் சகோதரி அழகாகப் பேசினார். மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலம் எந்தக் காசில் வந்தது என்பதைச் சொல்லாமல் தாண்டிவிட்டார். பாத்திக் துணி! அந்தக் கலைஞர்கள் கூட்டாக உட்கார்ந்து துணியில் மெழுகு எழுதிச் சாயம் ஏற்றி விற்றார்கள். விற்ற காசைச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். பாத்திக் யாருடைய கலை? ஜாவாத் தீவுக்காரர்களுடையது! அதை எடுத்துச் செய்ய அவர்கள் வெட்கப்படவில்லை. ‘நான் பெரிய ஓவியன், போயும் போயும் துணிக்குச் சாயம் போடுவதா?’ என்று சொல்லவில்லை. பகலில் சோற்றுக்கு ஒரு கைத்தொழில், மிச்ச நேரத்தில் மனதுக்குப் பிடித்த ஓவியம். ‘இன்றைக்கு என் ஓவியம் விற்காவிட்டால் பரவாயில்லை, என்றைக்காவது இதைத் தேடிக்கொண்டு வருவார்கள்’ என்று நம்பிக் கடற்கரை மணலில் குடிசை போட்டார்களே, அதற்கு என்ன பெயர்? தன்னம்பிக்கை என்று பெயர்! அது முதலில் வந்தது. நீங்கள் சொல்கிற தனித்தன்மை பின்னால் வந்து அந்தக் குடிசையில் குடியேறியது. (கைதட்டல்)

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுக்காரர் இல்லை. பீகாரில் மிதிலைப் பகுதி, சீதை பிறந்த பூமி என்று சொல்வார்கள். அங்கே பெண்கள் கல்யாண வீட்டுச் சுவரில் தாமரையும் மூங்கிலும் மீனும் வரைவார்கள். நம் ஊரில் வாசலில் கோலம் போடுகிற மாதிரி அவர்களுக்குச் சுவர். 1966-67-இல் கடும் வறட்சி. வயிற்றுக்கு வழியில்லை. அகில இந்தியக் கைவினை வாரியத்திலிருந்து வந்தவர்கள் அந்தப் பெண்கள் கையில் காகிதத்தைக் கொடுத்து, “சுவரில் போடுவதை இதில் போடுங்கள், விற்றுத் தருகிறோம்” என்றார்கள். மதுபனி ஓவியம் என்று நாம் இன்றைக்கு வாங்கி மாட்டுகிறோமே, அது அப்படித்தான் காகிதத்துக்கு வந்தது.

அவர்களில் ஒருவர் கங்கா தேவி. கணவர் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு இவரைக் கைவிட்டுவிட்டார். ஆதரவில்லாமல் நின்ற அந்த அம்மா பேனாவைப் பிடித்தார். 1984-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவில் இந்தியத் திருவிழா தொடங்கியபோது அந்த நாட்டுக்கும் போனார். அங்கே ஆளை உட்கார வைத்துத் தலைகீழாகச் சுற்றிவிடுகிற ரோலர் கோஸ்டர் ராட்டினத்தைப் பார்த்தார். திரும்பி வந்து அந்த ராட்டினத்தையே, கல்யாணச் சுவரில் தாமரைக் கொடியைப் போடுகிற அதே கோட்டில் வரைந்தார்! பிறகு புற்றுநோய் வந்தது. மருத்துவமனையில் தான் பட்டதையும், டாக்டரையும், கட்டிலையும், ஊசி மருந்தையும் அதே கோட்டில் வரைந்தார். 1991-இல் காலமானார்.

எதிரணி உடனே எழுந்து, “பார்த்தீர்களா, இதுதான் தனித்தன்மை!” என்று சொல்லத் துடிப்பது எனக்குத் தெரிகிறது. உட்காருங்கள் அய்யா. (சிரிப்பு) அந்தக் கோடு புதிது இல்லை. அம்மாவும் பாட்டியும் போட்ட கோடு. ‘சாமியையும் தாமரையையும் மட்டும்தான் போடலாம்’ என்று ஊர் சொல்லும்போது, ‘என் கண் பார்த்ததையும், என் உடம்பு பட்ட பாட்டையும் இந்தக் கோட்டில் போடலாம்’ என்று துணிந்தாரே, அந்தத் துணிவுதான் புதிது. துணிவு வராவிட்டால் கடைசிவரை தாமரைதான்.

“அப்படியானால் கல்லைக் கோணலாக ஒட்டிவிட்டு, ‘இதுதான் என் பாணி, 20,000 ரூபாய் எடு’ என்று சொல்பவனுக்கும் தன்னம்பிக்கை இருக்கிறதே?” என்று எதிரணி மடக்கப் பார்க்கும். அதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர், அசட்டுத் துணிச்சல். நான் சொல்வது நூறு படம் போட்ட கைக்கு வருகிற நம்பிக்கை. நூற்றியொன்றாவது படத்தைத் தானே குறை கண்டுபிடித்துத் திருத்துகிற நம்பிக்கை. வாங்க வந்தவர், “இங்கே ரேக்கு சரியாகப் படியலையே” என்றால் கோபப்படாமல், “ஆமாங்க, மாத்திக் குடுத்துடறேன்” என்று சொல்கிற நம்பிக்கை.

திருட்டைப் பற்றியும் பேசினார்கள். வாஸ்தவம். இன்றைக்கு ஒரு பெண் சுடுமண்ணில் ஒரு ஜிமிக்கி செய்து கைப்பேசியில் படம் போட்டால், சாயங்காலத்துக்குள் அதே மாதிரி நாலு பேர் செய்து விற்கிறார்கள். மனசு உடைந்துவிடுகிறது. சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. 1999-இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் வந்தது. தஞ்சாவூர் ஓவியத்துக்கும் தலையாட்டி பொம்மைக்கும் அந்தக் குறியீடு கிடைத்திருக்கிறது. நல்லது. ஆனால் அது ஊரின் பெயரைக் காக்கிறது. ஊருக்குள் இருக்கிற ஒரு கையின் பெயரைக் காக்க, அந்தக் கைதான் முன்வர வேண்டும். பழைய தஞ்சாவூர்ப் படங்கள் எத்தனையோ கோயில்களிலும் அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் போட்டவர் கையெழுத்து இல்லை. சாமி படத்தில் என் பெயரா என்ற பணிவு. அந்தப் பணிவைக் கும்பிடுகிறேன். ஆனால் அவர் யார் என்று இன்றைக்கு நமக்குத் தெரியவில்லையே! முன்பக்கம் வேண்டாமம்மா, பலகைக்குப் பின்பக்கம் எழுதுங்கள். பெயர், ஊர், தேதி. யாருடைய படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டீர்களோ, அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். தன் மேல் நம்பிக்கை இருப்பவருக்குத்தான் அடுத்தவர் பெயரை எழுதவும் மனசு வரும். (கைதட்டல்)

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரு நிமிடம் அய்யா, ஒரே ஒரு பாய். (சிரிப்பு) திருநெல்வேலிச் சீமையில் பத்தமடை. கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, நூல் மாதிரி மெல்லிசாகக் கிழித்து, சாயம் ஏற்றிப் பட்டு மாதிரிப் பாய் நெய்வார்கள். கல்யாணத்துக்குச் சொல்லி வைத்தால், மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் பாயிலேயே எழுத்தாக நெய்து கொடுப்பார்கள். வாரக்கணக்கில் உட்கார்ந்து நெய்கிற வேலை. அப்படி ஒரு பாயை ஒரு கல்யாண வீட்டில் விரித்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் குனிந்து குனிந்து இரண்டு பெயரையும் படித்தார்கள். நானும் படித்தேன். பிறகு ஓரத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன். மணமகன் பெயர் இருக்கிறது. மணமகள் பெயர் இருக்கிறது. நெய்த அம்மாவின் பெயரை எங்கேயும் காணோம்.

(மணியோசை)

அடித்துவிட்டார்! தீர்ப்பை எங்கள் பக்கம் பாத்துக் குடுங்க என்று நான் கேட்கப் போவதில்லை நடுவர் அவர்களே. எங்களுக்குச் சேர வேண்டிய தீர்ப்பைக் கொடுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)